பிராக்

நான் செயலாளர் ஆனது
என்னிடம் பேனா இருந்ததால்.
அனெஸ்திஸ் தலைவரானது
அவனுடைய தகரக் கொட்டகையில்தான்
ஒன்பது பேர் உட்கார முடியும் என்பதால்.

கலமரியா கரையில் இறக்கி
எல்லோரையும் மொட்டையடித்திருந்தார்கள்,
பேனுக்குப் பயந்து, காய்ச்சலுக்குப் பயந்து.
கழகத்தின் முதல் புகைப்படத்தில்
எவனுக்கு எவ்வளவு முடி என்று பார்த்தே
எந்த மாதக் கப்பல் என்று சொல்லிவிடலாம்.

சட்டை கறுப்பு.
யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்ததில்லை.
எவ்லாம்பியாவின் அண்டாவில்
துக்கச் சாயம் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருந்தது;
எங்கள் பதினோரு மாவுச் சாக்கையும்
விதவைகளின் துணிக்குப் பிறகு போட்டெடுத்தாள்.
வியர்த்தால் கழுத்தில் கறுப்பு இறங்கும்.
அனெஸ்திஸின் முதுகில் மட்டும், எத்தனை முறை தோய்த்தும்,
ஏதோ அமெரிக்க ஆலையின் பெயர்.

பதிவுப் படிவத்தில் பிறந்த ஊருக்கு ஒரு கட்டம்.
ஸ்மிர்னா என்றேன், எழுத்தர் தலையசைத்தார்.
திரபிசோண்டா, சரி.
யோர்தானிஸ் சொன்ன ஊரை மூன்று முறை கேட்டுவிட்டு
ஆசியா என்று போட்டு
முத்திரை குத்தினார்.

யோர்தானிஸ் எங்கள் கோல்கீப்பர்.
கப்பதோக்கியாவில், மலையைக் குடைந்த கோயிலில்
ஞானஸ்நானம் பெற்றவன்.
சிலுவை போடுவான், நோன்பிருப்பான்,
கிரேக்கம் மட்டும் வராது.
கனவு, கணக்கு, வசவு எல்லாம் துருக்கியில்.
பந்து உயர வந்தால் கத்துவான்:
பிராக்!
விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.
வீட்டை விட்டு வந்த நாங்கள்
அந்த ஒரு சொல்லுக்கு
மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தோம்.

நகரக் குழுவோடு ஆட்டம்.
வேலியோரம் தொப்பிகள், விதை கொறிக்கும் வாய்கள்.
தயிரில் ஞானஸ்நானம் வாங்கியவன்களே என்று கூவினார்கள்.
சிரித்துக்கொண்டோம்; தயிர் விற்ற விலை அப்படி.
யோர்தானிஸ் கத்தினான். நடுவர் ஊதினார்.
எதிரியின் மொழி.
ஐம்பது டிராக்மா அபராதம்.

அந்த வாரம் முழுக்கப் புகையிலைக் கிடங்கில்
அவனுக்குப் புதுச் சொல் ஊட்டினோம்.
ஆஸ்தோ, ஒரு பொதி.
ஆஸ்தோ, இன்னொரு பொதி.
தும்மிக்கொண்டே சொன்னான்,
சரியாகத்தான் சொன்னான்.

ஞாயிறு. மழை குடித்துக் கனத்த பந்து.
தியோபிலாக்தோஸ் எம்புகிறான்,
யோர்தானிஸ் கோட்டை விட்டு ஓடி வருகிறான்,
வாய் திறந்திருக்கிறது,
சொல் வரவில்லை,
எந்தச் சொல்லும்.
எலும்போடு எலும்பு மோதிய சத்தம்.
பந்து, அவசரமே இல்லாமல்,
உள்ளே உருண்டு போனது.

இரவுக் கூட்டத்தில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.
ஸ்த்ராத்தோஸ் எழுந்தான்.
பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்,
துருக்கியில் ஒரு சொல் காதில் விழுந்தால்
கதவைச் சாத்திவிட்டு வெளியே போகிறவன்,
அவன் அண்ணனைத் துறைமுகத்தில்
வரிசையிலிருந்து பிரித்துக் கொண்டுபோனதை
இன்றுவரை எங்களிடம் சொல்லாதவன்.
"அபராதம் ஆளுக்கா, ஆட்டத்துக்கா?"
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
ஆட்டத்துக்கு.
"அப்படியென்றால் எல்லோரும் கத்தலாமே."

அடுத்த ஞாயிறு பதினோரு வாயும் கத்தின.
பந்து நடுக்களத்தில் கிடந்தபோதும் கத்தின.
கொட்டகைப் பக்கத்துப் பெண்கள் கத்தினார்கள்,
எவ்லாம்பியா, கறுத்த கைகளை வாயருகே குவித்து.
தோற்றோம், இரண்டுக்கு ஒன்று.
தொப்பியில் விழுந்த சில்லறையில் ஐம்பது எண்ணிக் கொடுத்தேன்.
மூன்று மிஞ்சியது; எலுமிச்சை வாங்கினோம்.

கணக்கேட்டில்
செலவு: ஐம்பது.
காரணம் என்ற கட்டத்தின் மேல்
பேனா வெகுநேரம் நின்றது.
ஸ்த்ராத்தோஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தான்.
பிறகு எழுதினேன்,
அந்தத் துருக்கிச் சொல்லைக் கிரேக்க எழுத்தில்,
யோர்தானிஸின் ஊர்க் கல்லறைகளில்
வெட்டியிருப்பார்களாமே, அதுபோல.